எண்ணிக்கொண்டிருந்தவர்

பத்தொன்பது வருடம்
என் பிடரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் நெவில் கார்பட்.
நான் மூன்றாம் பிரெஞ்சு ஹார்ன்.
அவர் முக்கோணம், பித்தளைத் தாளம்,
ஆள் வராத இரவுகளில் முரசும்.

தாளக்காரர் என்றால்
தட்டிக்கொண்டே இருப்பவர் என்று நினைப்பீர்கள்.
இல்லை.
ஒரு சிம்பொனிக்கு மூன்று முறை எழுவார்.
மற்ற நேரமெல்லாம்
மடியில் கைவைத்து எண்ணுவார்.
உதடு லேசாக அசையும்.
ஒத்திகையில் ஒருமுறை கேட்டேன், ஜெபமா என்று.
"நூற்று நாற்பத்திரண்டு,
பேச்சுக் கொடுக்காதே" என்றார்.

லீட்ஸில் ஒரு நவம்பர்.
எண்பது பேரும் மூச்சைப் பிடித்துப் படியேறினோம்.
உச்சியில் திறக்கவேண்டிய கதவு
திறக்கவில்லை.
வாசிப்பை விட்டுத் திரும்பிப் பார்த்தேன்.
இரண்டு தட்டுகளும் கையில்,
நின்றபடி,
யாரோ பேர்சொல்லிக் கூப்பிட்டதுபோல்
முகத்தைப் பக்கவாட்டில் திருப்பியிருந்தார்.
அரங்கம் எழுந்து கைதட்டியது.
ஒருவருக்கும் தெரியவில்லை.
அதுதான் அவரை வதைக்கிறது என்று நினைத்தேன்,
காருக்குள் விளக்குப் போடாமல்
ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாரே, அப்போது.

ஐம்பத்தோரு வயதில் குருமடம்.
"கடைசியில் கார்பட்டுக்கும் தனி வாசிப்பு" என்று
டிராம்போன்காரர்கள் சிரித்தார்கள்.
நானும்தான்.

கிரிம்ஸ்பி.
மீன் சந்தைக்குப் பின்னால் செங்கல் கோயில்.
ஆங்கிலத் திருச்சபைதான், ஆனால்
ரோமாபுரியே இருமும் அளவுக்குத் தூபம்.
கழுத்திலிருந்து கணுக்கால்வரை
முப்பத்து மூன்று பொத்தான் போட்ட கறுப்பு அங்கி.
பெரிய வியாழன் இரவு. பதினாலு பேர்,
அதில் இருவர் குளிருக்கு ஒதுங்கியவர்கள்.
என் ஹார்ன் பெட்டியில் எப்படியோ தங்கிவிட்ட
அவருடைய முக்கோணக் கம்பியைக்
கொடுத்துவிட்டுப் போகலாமென்று வந்திருந்தேன்.
உதடு போய்விட்டதைச் சொல்ல அல்ல.

மகிமைப் பாட்டுக்கு
இருக்கிற மணியையெல்லாம் அடித்துத் தீர்த்தார்கள்.
பிறகு அவற்றின் நாக்கைக் கட்டிவிட்டார்கள்.
உயிர்ப்பு வரைக்கும் மரக்கட்டைதான்.

கட்டை கிரெயம் ஸ்கெல்ட்டன் கையில்.
குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்,
வெள்ளை அங்கிக்குக் கீழே வேலைப் பூட்ஸ்.
அப்பத்தை உயர்த்தும்போது மூன்று தட்டு.
முதலாவது முந்திவிட்டது.
இரண்டாவதோடு கட்டை கைநழுவிக்
கல் தரையில் உருண்டு
எங்கேயோ போய்விட்டது.

பத்தொன்பது வருடம் என் முதுகைப் பார்த்தவர்
இப்போது பலிபீடத்தை நோக்கி
எனக்கு முதுகு காட்டி நின்றார்.
வடக்கிலேயே அவர்போல் பிசகாத கை கிடையாது.
அந்தக் கை உயரத்தில் இருந்தது,
அப்பத்தோடு.
கிரெயம் மண்டியிட்டு
பெஞ்சுக்கு அடியில் துழாவுகிற சத்தம்.
ஒரு கிழவர் தும்மினார்.
கை இறங்கவில்லை.
கட்டை கிடைத்து, கிரெயம் எழுந்து,
மூச்சு வாங்கி,
ஒரே ஒரு தட்டு தட்டும்வரைக்கும்
இறங்கவில்லை.

நள்ளிரவுக் காவல் முடிந்து வாசலில் கேட்டேன்:
"எத்தனை எண்ணினீர்கள்?"
"எண்ணவில்லை" என்றார்.
கதவைப் பூட்டச் சாவியைத் தேடிக்கொண்டே,
"லீட்ஸிலும் எண்ணவில்லை.
கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன்."
எதை என்று நான் கேட்கவில்லை.
"உதடு எப்படி இருக்கிறது?" என்றார் அவர்.

கடைசி ரயில் போய்விட்டது.
கிரெயம்தான் தன் வேனில் விடுதியில் கொண்டுவிட்டார்.
வழியெல்லாம் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்,
கட்டை என்னவோ என்னுடையது போல.
கம்பி என் கோட்டுப் பையிலேயே இருந்தது.
சிக்னலில் நின்றபோது
ஸ்டியரிங்கில் அவர் விரல் தட்டிக்கொண்டிருந்தது,
கொஞ்சம்
முந்தியே.