உப்புத் தலை

குருசடைத் தீவுக்கு அந்தப் பக்கம் பாசி எடுக்கப் போய்
பாறையில் வழுக்கி
பிரகாசிக்கு வலது மணிக்கட்டு முறிந்த ஒன்பதாம் நாள்
ஷாம்பு வாங்க நான் கடைக்குப் போனேன்.

ஜெய்லானி கடையில் சரம் சரமாய்த் தொங்கின.
ஊதா, பச்சை, கறுப்பு, கருவாட்டு நிறத்தில் ஒன்று.
"மென்மையா ஒண்ணு குடுங்க பாய்."
"என்ன தலை?"
"பொம்பளத் தலை."
"அது சரி. எண்ண வழியுற தலையா, வறண்ட தலையா,
பொடுகா, சாயம் போட்டதா?"

பதினோரு வருஷம்.
என் வத்தையின் எஞ்சின் இருமினால்
எங்கே கோளாறென்று தூக்கத்திலும் சொல்வேன்.
நண்டு வலைக்கு எத்தனை விரல் கண்ணி, தெரியும்.

வாசலில் நின்று அவளுக்கே போன் போட்டேன்.
"ஒனக்கு என்ன முடி?"
சிரித்தாள்.
"உப்பு முடி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உப்பு முடிக்கென்று ஒரு பாக்கெட்டும் இல்லை.

கல்லாவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நிலோபர்
தலை நிமிராமல் சொன்னாள்:
"நுரை பொங்குறது வேணாம் மாமா.
வாசம் தெருவையே கூட்டுறதும் வேணாம்.
சல்பேட் இல்லைன்னு பின்னால போட்டிருக்கும், பாருங்க."
பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.
வெயிலில் பிடித்தும் தள்ளிப் பிடித்தும் படித்தேன்.
படகு லைசென்ஸைக் கூட இப்படிப் படித்ததில்லை.
சின்ன பாட்டில், நாற்பத்தெட்டு ரூபாய்.
அந்தக் காசுக்கு லாரியில் நாலு குடம் நல்ல தண்ணி.

எங்கள் சின்னப்பாலத்துக் கிணற்றில்
சோப்பு பால் போலத் திரிந்துபோகும்.
வீட்டில் லாரித் தண்ணீர் மூன்று குடம்.
ஒன்று குடிக்க. இரண்டு தலைக்கு.

ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து அவளை உட்கார வைத்தேன்,
மாவுக்கட்டுக்கு மேல் பாலிதீன் பை கட்டி.
செம்பைத் தூக்கியவனை நிறுத்தினாள்:
"மொதல்ல சிக்கெடு. ஈரத்துல இழுத்தா அறுந்துரும்."
இடது கையால் உச்சியிலிருந்து சீப்பை இறக்கிக் காட்டினாள்.
"ஆ" என்றாள்.
சீப்பை வாங்கிக்கொண்டேன்.
வலையில் நண்டு சுருட்டிக்கொண்டால்
எவன் மேலிருந்து இழுப்பான்?
நுனியில் தொடங்கி, ஒவ்வொரு கண்ணியாய்,
கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே.
முப்பத்தாறு வயதில் முதல் தடவை
வலிக்காமல் சிக்குப் போனதாம்.
மீன் இருக்குமிடத்தை மறைத்து வைத்திருந்தவனைப் போல
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பாதிக் குடம் வெறும் தண்ணீர், உப்புக் கரைய.
கழுத்தில் வழிந்ததை
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கரித்தது.
ஒன்பது நாளாய்க் கடலுக்கே போகாதவள்.

அப்படியே கொட்டாதே, டம்ளரில் தண்ணீர் கல.
தலைத் தோலுக்கு மட்டும்.
நகம் படக் கூடாது, விரல் சதையால்.
முடிக்கு? வழிகிற நுரை போதும்.
எல்லாம் முதுகைக் காட்டியபடி அவள் சொன்னது.

காதுக்குப் பின்னால் என் விரல் நின்றது.
முக்குளிக்கும் கண்ணாடியின் ரப்பர் பட்டை
தேய்த்துத் தேய்த்துப் போட்ட பாதை.
இரண்டு பக்கமும் முடியில்லாமல், வழவழவென்று,
மணலில் ஆமை ஏறிப்போன தடம் போல.
தலைத்துணிக்குள் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
"அங்க தேய்க்காத" என்றாள், "அங்க ஒண்ணுமில்ல."
அங்கேதான் அதிக நேரம் தேய்த்தேன்.

நிலோபர் சொன்னபடி நுரை கொஞ்சம்தான்.
பக்கத்து வீட்டுக் கோழி அதைக் கொத்திப் பார்த்துத்
தலையை உதறியது.
அலசினேன். இரண்டாம் குடமும் கவிழ்ந்தது.
துண்டு முரடாம். ஒற்றி எடுக்க
என் பழைய பனியன் தோளில் காத்திருந்தது.

இடது கையால் தலையைத் தடவினாள்.
"வலது காதுகிட்ட இன்னும் வழுக்குது."

குடிக்கிற குடத்தைச் சாய்த்தேன்.
"ராத்திரிக்கு?"
"லாரி வரும்."

லாரிக்காரன் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.