பதின்மூன்று மீட்டர்

ஷோர்னயா தெரு, எண் பதினாறு.
ஐந்து மாடி. கீழே சாம்பல் கல், மேலே மஞ்சள் காரை.
உப்பரிகையைத் தோளில் தாங்கும் இரண்டு கல் ஆண்களில்
இடப்பக்கத்தவனுக்கு மூக்கில்லை.
நான் வந்தது விரிசலை அளக்க.

தெருவை அகலமாக்க வேண்டும் என்றார்கள், முப்பத்தெட்டில்.
இடிக்க மனமில்லை, அல்லது
புதிதாய்க் கட்டச் செங்கல் இல்லை.
அடித்தளத்தை அறுத்து
இரும்பு உருளைகள் செருகி
ஒரு ஜூலை இரவில் வீட்டைப் பின்னுக்கு உருட்டினார்கள்,
ஆட்கள் உள்ளே தூங்கத் தூங்க.
தண்ணீர்கூட நிற்கவில்லை. ரப்பர் குழாய்கள் கூடவே நீண்டன.
இரண்டாம் மாடி கிளாஃபிரா லுகினிச்னா
மேசை விளிம்பில் ஒரு கோப்பைத் தேநீரை வைத்துவிட்டு
விடியும்வரை அதையே பார்த்திருந்தாளாம்.
சிந்தவில்லை.
மறுநாள் செய்தித்தாளில் தேநீரைப் பற்றி நான்கு வரி.

அந்த மார்ச்சில்
அதே மாடியிலிருந்து யெஃபிம் கிரெச்சினை
அழைத்துப் போயிருந்தார்கள்.
அது செய்தியில்லை.

ஐம்பத்தாறில் அவர் திரும்பியபோது
தெருவுக்கு வேறு பெயர்.
பெயர்ப்பலகையை அவர் பார்க்கவில்லை,
கால்களை நம்பி வந்தார்.
மருந்துக்கடை முனையிலிருந்து நூற்றுநாற்பது எட்டு,
(அங்கே, பலகைப் படுக்கையில் கிடந்தபடி
இரவுதோறும் நடந்து பார்த்த எட்டுகள்)
பிறகு வலப்பக்கம், பிறகு இரண்டு படி.
முதல் படிக்குக் காலைத் தூக்கியவர்
தார்ச்சாலையில் நின்றார்.
டிராலிபஸ் ஒன்று ஹாரன் அடித்து விலகிப் போனது.
எதிரே அவருடைய வீடு,
அதே மஞ்சள், அதே மூக்கில்லாதவன்,
கடன் கேட்க வருபவரைக் கண்டு
பின்வாங்கிய ஆளைப் போல.

இதெல்லாம் கட்டடக் கோப்பில் இல்லை.
குடியிருப்பவர்கள் சொல்வது. எட்டுகளின் கணக்கு
ஆளுக்கு ஆள் மாறுகிறது.

கோப்பில் இருப்பது விரிசல்:
மாடிப்படிச் சுவரில், இரண்டாம் மாடித் திருப்பத்தில்.
விரிசல் வளர்கிறதா என்று அறிய
குறுக்கே ஜிப்சம் பட்டை ஒட்டித் தேதி எழுதுவோம்.
எங்கள் தொழிலில் அதற்குக் கலங்கரை விளக்கம் என்று பெயர்.
முப்பத்தெட்டில் ஒட்டியது உடைந்திருக்கிறது.
எண்பத்தொன்றில் ஒட்டியது முழுசாக இருக்கிறது.
நடுவே இன்னொன்று.
பதிவேட்டில் அதற்கு எண் இல்லை.
ஜிப்சமும் இல்லை,
பல்பொடியைப் பசையில் குழைத்துப் பூசியது.
ஆணியால் கீறிய எழுத்து: நவம்பர் 56.

வீடு மறுபடி கிளம்புகிறதா என்று
யாரோ காவல் இருந்திருக்கிறார்.

பதிவில் இல்லாததைச் சுரண்டிவிட வேண்டும், விதி.
நான் என் பட்டையை ஒரு சாண் தள்ளி ஒட்டினேன்.
ஈரத்தில் தேதி எழுதினேன்.
அறிக்கையில்: நகர்வு ஏதும் இல்லை.