நாளொன்றுக்கு

பெட்ரோல் நிலையத்துக் காப்பி மேசையில்
ஒப்பந்தம் விரிந்து கிடக்கிறது,
நான்கு மூலைக்கும் நான்கு சர்க்கரைப் பொட்டலம்.
கதவு திறக்கும்போதெல்லாம்
சோர்ட்லாண்ட் துறைமுகத்தின் மீன்வாடைக் காற்று
பதினோராம் பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறது.

ஒட்வார் கையில் பென்சில்தான்.
பேனாவுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

அக்டோபர் முப்பது, என்கிறேன்.
தாண்டினால் நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு குரோனர்.
அறுநூறு, என்கிறார்.
அதிலும் புயல் நாள் கழியும், படகு ஓடாத நாள் கழியும்,
இருட்டு நாளும் கழியும் என்று எழுதுகிறார்.

இருட்டு வருமென்பது
இந்த ஊரில் திடீர்ச் செய்தியா, ஒட்வார்?

சிரித்துவிட்டார். இருட்டை அடித்தார்.
எவ்வளவு வேகத்தில் வீசினால் புயல் என்பதில்
அரைமணி போயிற்று.

அப்புறம் பணம்.
அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, கூரை மூடினால் இவ்வளவு,
கடைசிப் பத்து விழுக்காடு
சாவி என் கைக்கு வந்த பிறகு.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.
"போன வீட்டுக்காரர்
ஒரே ஒரு கதவுக் கைப்பிடி ஆடுகிறதென்று
அந்தப் பத்தை எட்டு மாதம் பிடித்து வைத்தார்.
இரண்டு தச்சர்களை வீட்டுக்கு அனுப்பினேன்.
ஒருவன் என் தம்பி."

நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
என் ஆயிரத்து இருநூறும்
வாடகையைக் கூட்டி வகுத்து வந்ததில்லை.
நாத்தனார் வீட்டு நிலவறையில்
துணி துவைக்க முறை கேட்டு
ஈரக் கூடையோடு படியில் நிற்கும் ஒரு காலைக்கு
நானாகப் போட்ட விலை.
அதை எந்தப் பிரிவின் கீழ் எழுதுவது?

தொள்ளாயிரத்தில் நின்றது.
பத்து விழுக்காடும் நின்றது, ஆனால்
கைப்பிடி ஆடினால் கைப்பிடியின் விலையைத்தான் பிடிக்கலாம்,
வீட்டின் விலையை அல்ல.
நான் பணம் கட்டத் தாமதித்தால் எனக்கும் வட்டி.
"நாளொன்றுக்கா?"
"நாளொன்றுக்கு."

ஒரு பொட்டலத்தைக் கிழித்து
ஆறிப்போன காப்பியில் கொட்டினார்.
அந்த மூலை எழும்பியது; முழங்கையால் அமுக்கினேன்.

பேனாவை எடுத்தார். எழுதவில்லை.
காலை முழுக்க வண்டியில் கிடந்திருக்கிறது,
மை உறைந்துபோயிருந்தது.
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து
உருட்டிக்கொண்டே இருந்தார், ஊதி ஊதி.

இந்தத் தாமதத்துக்கு
நான் எதுவும் கேட்கவில்லை.