அஞ்சு

தாய்லாந்துப் பேய்கள் ஐந்து என் கணினியில்.
வெள்ளிக்கு முன் எல்லாவற்றையும்
தமிழில் கதைக்கவைக்க வேண்டும்.
ஒரு வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து;
அதற்குமேல் அலற அனுமதி இல்லை.

முதற்கதையில் லிஃப்ட் திருத்துகிறவன்
செத்து மூன்று நாள். அவனுக்குத்தான் தெரியாது.
சம்பளத்தில் மூன்று நாள் வெட்டியிருக்கக் கண்டு
அப்போதுதான் அழுகிறான்.
இரண்டாவதில் தலை மட்டும் பறக்கிறது,
குடல் தொங்கத் தொங்க.
ஹெல்மெட் எங்கே என்று பொலிஸ் மறிக்கிறது.

நான் சிரிக்கிறேன்.
காண்டீபன் இரண்டு காலையும்
கதிரைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறான்.

இவன் பிரேத வாகனம் ஓடுகிறவன்.
பெரியாஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து
சாவகச்சேரி, அச்சுவேலி, மாதகல் என்று
ஆட்களை வீட்டில் கொண்டுபோய் விடுகிறவன்.
பள்ளம் கண்டால் பிரேக்கைத் தடவித்தான் அமத்துவான்,
பின்னால் படுத்திருப்பவருக்கு நோகுமாம்.
"அதுகள் நல்ல சனம்.
உந்தப் படத்திலை வாறதுகள்தான்
ஒரு ஒழுங்குமில்லாததுகள்."

மூன்றாவது, வாழைமரத்துப் பெண்.
பச்சை உடுப்பு, நிலத்தில் படாத கால்.
ஒருவன் மரத்துக்குப் பட்டுத்துண்டு கட்டி
லொத்தர் இலக்கம் கேட்கிறான்.
சொல்கிறாள். கடைசி இலக்கம் பிழை.
வீட்டை விற்றவன் கத்தியோடு வர,
"குறை நினையாதை,
கணக்கிலை நான் பள்ளிக்கூடத்திலேயே பெயில்."
காண்டீபன் குலுங்கிச் சிரித்தான்.
சிரித்து முடிய எழும்பி யன்னலைச் சாத்தினான்.
நாங்கள் இருப்பது நீர்வேலி.
யன்னலுக்கு அந்தப் பக்கம் எண்ணூறு வாழை.

நாலாவதில்தான் மாட்டுப்பட்டேன்.
செத்த சிநேகிதி போனில் அனுப்புகிறாள்: 555.
பஸ் நம்பர் என்று நினைத்தேன்,
எழுநூற்றைம்பது பருத்தித்துறைக்குப் போகிறமாதிரி
இதுவும் எங்கேயோ போகிறதாக்கும்.
தேடிப் பார்த்தால்,
அவர்களின் தாய்மொழியில்
(பிரித்து எழுதினாலும் சரிதான்)
ஐந்துக்குப் பெயர் ஹா.
மூன்று ஐந்து, ஹாஹாஹா.
நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்:
அஞ்சு, அஞ்சு, அஞ்சு.
அவர்கள் சிரிக்கிற இலக்கத்தில்
எங்களுக்குப் பயப்படச் சொல்லி எழுதியிருக்கிறது.

இந்த வேலையில் ஒன்று பிடிபட்டது.
பேய்க்கும் பகிடிக்கும் ஒரே மணிக்கூடு.
எழுத்து ஒரு விநாடி முந்தி விழுந்தால்
இரண்டும் அந்த இடத்திலேயே செத்துவிடும்,
எழும்பியும் வராது.

ஐந்தாம் கதைக்கு முன் கரண்ட் போனது.
காண்டீபன் வானுக்குள் ரோச் எடுக்கப் போனான்.
வாழையிலை கிழிகிற சத்தம். ஒரு "ஐயோ".
பிறகு ஒன்றுமில்லை.
என் போன் வெளிச்சம் போட்டது.
காண்டீபன்: 555.

கெதியாய்ப் பழகிவிட்டான் என்று
இருட்டில் தனியே இருந்து சிரித்தேன்.

வந்தான். தலையில் வாழைச்சருகு, ஒரு காலில் செருப்பு.
"நல்லாத்தான் வெருட்டுறாய்" என்றேன்.
"எனக்குச் செருப்புத் துலைஞ்சுது, நான் ஆரை வெருட்ட?"
போனைக் காட்டினேன்.
கனநேரம் பார்த்தான்.

"உனக்குச் சொல்லேல்லை.
மத்தியானம் அச்சுவேலியிலை பெட்டி மூடேக்கை
குனிஞ்சனான். சட்டைப்பையிலை கிடந்தது.
வீட்டை வந்துதான் பார்த்தன், காணேல்லை.
ஐயாவைத் தாட்டாச்சு."

வெளியே ஒரு வாழை மட்டும் அசைந்தது.

வரி போட எனக்கு ஒன்றும் வரவில்லை.
நேரம் மட்டும் திறம்:
ஒரு விநாடி முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

"நல்ல பகிடிக்காரனாம் மனுசன்," என்றான் காண்டீபன்,
"செத்தவீட்டிலை எல்லாரும் சொன்னவை."

நானும் இரண்டு காலையும்
கதிரைக்கு மேலே தூக்கி வைத்தேன்.