பாதிக்குக் கீழே

கொழிஞ்சாம்பாறையில் மார்கழிக் காற்று
கணவாய்க்குள் நுழையும் அவசரத்தில்
என் ஸ்கேன் அறைக் கதவை உலுக்கிவிட்டுப் போகிறது.
ஜெல் குளிர்ந்து கிடக்கிறது.
உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி
ஜெசிந்தாவின் வயிற்றில் தடவுகிறேன்.
பதின்மூன்று வாரம்.

சுவரில் இரண்டு மொழிகளில் ஒரே அறிவிப்பு:
ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை.
அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.
அவள் கேட்டது:
"வீங்கியிருக்குதுங்களா?"

போன தடவை ஏழாம் மாதம், பாலக்காட்டில்.
முகம் இன்னாருடையது என்று சொல்ல முடியாதபடி
உடம்பெல்லாம் நீர் கோத்து ஒரு பிள்ளை.
பப்பாளி தின்றாள் என்றது ஒரு வீடு.
பொழுது சாயக் கிணற்றடிக்குப் போனாள்
என்றது இன்னொன்று.
ரத்தத்தைப் போய் யாரும் கேட்கவில்லை.

இந்தத் தடவை கேட்டோம், இருவரிடமும்.
ஊசியைப் பார்த்ததும் சவரிமுத்து
நாற்காலியோடு சாய்ந்தார்.
ஓமனா சேச்சி கட்டன்சாயா போட்டுக் கொடுத்து
அடுத்த கையில் எடுத்தாள்.
முடிவு வந்தது. இருவருக்கும் ஒரே குறை.
தனித்தனியே அது ஒன்றுமில்லை.
கொஞ்சம் வெளிறல், கொஞ்சம் அசதி,
வருஷக்கணக்காகத் தின்றும் பலிக்காத இரும்பு மாத்திரை.
இரண்டும் ஒரு கருவில் சேர்ந்தால்தான்
நாலில் ஒரு பங்கு பயம்.
"என் ரத்தமுங்களா, இவரு ரத்தமுங்களா?"
"ரெண்டும்" என்றேன்.
அவள் மூச்சு அப்போதுதான் கீழே இறங்கியது.

திரையில் புளியங்கொட்டை அளவு நெஞ்சு.
அதற்குள் துவரை அளவில்
துடிதுடித்துக்கொண்டிருக்கிறது இதயம்.
ரத்தம் நீர்த்தால் அது கூடுதலாக இறைக்கும்,
இறைத்து இறைத்தே பெருக்கும்,
நீர் கோப்பது அதற்கும் பல வாரம் கழித்து,
முதலில் காட்டிக்கொடுப்பது இதயம்தான் என்று
நான் படம் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து
விளக்கிக்கொண்டிருந்தேன்.

வேலந்தாவளம் ரோட்டில்
மோட்டார் காயில் கட்டுகிறவர் சவரிமுத்து.
மனைவியிடம் குனிந்து சொன்னார்:
"போர்ல தண்ணி கீழ போயிருச்சுன்னா
மோட்டாருக்கு லோடு ஏறும்ல? சத்தம் மாறும்.
காயில் கருகறது அப்புறம்.
டாக்டரம்மா சத்தத்தைப் பாக்கறாங்க."
நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

நெஞ்சின் அகலம், இதயத்தின் அகலம்.
பாதியைத் தாண்டக் கூடாது.
குழந்தை புரண்டது, கோடு நழுவியது.
கரண்டு போய் இன்வெர்ட்டர் கீச்சிட்டது.
நாற்பத்தெட்டு.
நாற்பத்தேழு.
நாற்பத்தொன்பது.
நூற்றுக்கு இத்தனை.
என் விரலின் நடுக்கம் எவ்வளவு,
அந்த இதயத்தின் கணக்கு எவ்வளவு
என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன்.
சவரிமுத்து கிரீஸ் படிந்த பையிலிருந்து
வெர்னியரை எடுத்தார்.
வேட்டி நுனியில் தாடையைத் துடைத்தார்.
மேஜை விளக்கடியில் தாளை விரித்து
நெஞ்சை அளந்தார், இதயத்தை அளந்தார்,
உதட்டுக்குள் வகுத்தார்.
"நாப்பத்தெட்டு வருதுங்க."
பதினோரு வருஷத்தில் என் கணக்கை
இதுவரை யாரும் சரிபார்த்ததில்லை.
கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

நல்லது என்று சொல்லவில்லை நான்.
இன்றைக்குப் பாதிக்குக் கீழே,
இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கணும்,
தாண்டினால் கோயமுத்தூரில்
வயிற்று வழியே ஓர் ஊசி என்றேன்.
"ஊசிங்களா? அப்ப இவரைக் கூட்டிட்டுப் போக வேண்டாம்"
என்றாள் ஜெசிந்தா.
திரையில் அவள் சிரிப்புக்கு
ஒரு சின்ன உடம்பு முழுக்கக் குலுங்கியது.

வெயில் படாமல் வையுங்கள்,
இந்தத் தாள் மங்கிவிடும் என்றேன்.
பில் புத்தகத்தின் நடுவே செருகிக்கொண்டார்.

பதினைந்தாம் வாரம், செவ்வாய்க்கிழமை.
காற்று அடங்கிவிட்டிருந்தது.
அவள் படுக்கையில் ஏறுமுன்பே
வெர்னியர் என் மேஜையில் இருந்தது,
துடைத்து, தாடை மூடி,
பூஜ்யத்தில்.
நான் ஜெல்லை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டேன்.