முப்பத்தேழு ரூபாய் பாக்கி

படம் முடிந்து வெளியே வந்தபோது
அமுதவல்லி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.
கதாநாயகி செத்துப்போயிருந்தாள்,
ஆற்றோரம், நல்ல வெளிச்சத்தில்.
திருப்பாதிரிப்புலியூர் தியேட்டர் வாசலில் மழை.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டாள்:
"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

தோன்றியது.
அதை எப்படிச் சொல்ல.

இடைவேளைக்கு முன்னால் ஒரு பஸ் வரும்.
ஜன்னலோரம் அவள், மடியில் பை.
பின்னால் நிற்கிற ஒருவன், கட்டம் போட்ட சட்டை,
ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டுகிறான்.
டிக்கெட் பதின்மூன்று.
சில்லறை இல்லை என்று கண்டக்டர்
டிக்கெட்டின் முதுகில் எழுதித் தருகிறார்: 37.
ஓடுகிற பஸ்ஸில் எழுதிய ஏழு அது,
வால் இழுத்துக்கொண்டு போன ஏழு.
எங்கள் ஆள் யாரோதான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.
பிறகு ஒரு மேட்டில் பஸ் நிற்கிறது.
கட்டம் போட்ட சட்டை இறங்கிவிடுகிறது.
சில்லறை வாங்கவில்லை.
பஸ் கிளம்ப, படமும் அதோடு போய்விட்டது.

நான் போகவில்லை.
அரங்கிலிருந்த அத்தனை பேரும் அவளோடு
கல்யாணத்துக்குப் போனார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.
நான் அந்த மேட்டிலேயே நின்றேன்
கையில் முப்பத்தேழு ரூபாயோடு.

கடலூர் – புதுச்சேரி, பதினாறு வருட சர்வீஸ்.
ஆல்பேட்டையில் ஏறும் மீன்கூடை,
பெரியகங்கணாங்குப்பத்தில் தொற்றும் காலேஜ் பிள்ளைகள்,
முள்ளோடையில் தெளிவாக இறங்கி
தெளிவில்லாமல் ஏறுகிற ஆட்கள்,
எல்லோருக்கும் பாக்கி எழுதியிருக்கிறேன்.
ராத்திரி டிப்போவில் பணம் கட்டும்போது
கூடுதலாக நிற்கும் பதினொன்று, இருபத்திரண்டு.
யாரோ மறந்தது.
அதற்கு ஒருநாளும் முகம் இருந்ததில்லை.

டிரைவர் சாதிக்கிடம் சொன்னேன்.
"யோவ், அவரு துணை நடிகரு.
பேட்டா வாங்கிக்கிட்டு அன்னைக்கே
வீட்டுக்குப் போயிருப்பாரு" என்று கியரை மாற்றினார்.
சரிதான்.
ஆனால் கிருமாம்பாக்கம் வரை யோசித்துப் பார்த்ததில்
பேட்டாவில் அந்த முப்பத்தேழு சேர்ந்திருக்காது.

ரெட்டிச்சாவடியில் ஒருநாள்
பத்து ரூபாயை விட்டுவிட்டு ஒருவர் நடந்துபோனார்.
விசிலை ஊதாமல் குதித்து ஓடினேன்.
டீக்கடைவரை துரத்திப் பிடித்து நீட்டினேன்.
பயந்துபோய்ப் பார்த்தார் என்னை.
பஸ்ஸே திட்டியது.
ஒரு பத்து தீர்ந்தது. முப்பத்தேழு அப்படியே இருந்தது.

இப்போது மிஷின் வந்துவிட்டது.
போனைக் காட்டினால் பைசா சுத்தமாகப் போய்ச் சேருகிறது.
டிக்கெட்டின் முதுகில் எழுத ஒன்றுமில்லை.

போன ஞாயிறு டிவியில் அந்தப் படம்.
அமுதவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள்,
"சாவு வந்தா கூப்பிடுங்க" என்று.
நான் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன்.
வந்தது. ஐம்பது ரூபாய். ஏழின் வால்.
மேடு.
அப்போதுதான் பார்க்கிறேன்,
இத்தனை வருடம் பார்க்காததை:
படிக்கட்டில் ஒரு கால் வைத்துவிட்டு
கட்டம் போட்ட சட்டை திரும்பிப் பார்க்கிறது.
கண்டக்டர் அடுத்த சீட்டுக்குக் குனிந்திருக்கிறார்.
ஒரு கணம். அரைக் கணம்.
வாய் லேசாகத் திறக்கிறது.
விசில்.

மறக்கவில்லை அவன்.
கேட்க வரவில்லை, அவ்வளவுதான்.

அமுதவல்லி ஈரக்கையோடு வந்து பார்த்தாள்.
"இதுக்கா?" என்றாள்,
"இன்னும் ஆறே வரலையே."

மறுநாள் முதல் ட்ரிப்.
தவளக்குப்பத்தில் நாலு பேர் இறங்கினார்கள்.
கடைசி ஆளின் பின்தலையைப் பார்த்துக்கொண்டு
நின்றேன், திரும்புவாரோ என்று.
கண்ணாடியில் சாதிக் என்னை முறைக்கிறார்.
விசில் பல்லுக்கு நடுவில் இருக்கிறது.