கிலி

விசிறிக் காற்றில் இந்தோனேசியா
எழும்பி எழும்பிப் படுக்கிறது.
பாலியின் மேல் திறப்புக்கோர்வை,
புளோரஸின் மேல் என் கண்ணாடிக் கூடு,
நடுவில் தயாபரன் முழங்கையை ஊன்றியிருக்கிறார்,
அதற்குக் கீழே எத்தனை தீவோ.

முப்பது நாள். பதினொரு தீவு. ஒன்பது படகு.
காத்தான்குடி நஸீர்தீன் கணக்குப் போட்டுத் தந்த தாளில்
எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை, படகு இல்லை.
"அண்டைக்குச் சும்மா கடலப் பாத்துக்கு இரிங்க" என்று
சிரித்துக்கொண்டே எழுதினார்: ஓய்வு.
அங்கே ஒரு தேத்தண்ணி பத்தாயிரமாம்.
பூச்சியங்களைப் பார்த்து நான் முழித்ததில்
நம்முடைய காசில் சொல்லி ஆறுதல்படுத்தினார்.

கச்சேரியில் லீவு கேட்டபோது
"ஒரு மாதமா? பிள்ளைகளிட்டயா?" என்றார் கணக்காளர்.
"இல்லை சேர், தீவுக்கு."
"எந்தத் தீவுக்கு?"
"தீவுகளுக்கு."
புளியந்தீவில் உட்கார்ந்துகொண்டு
இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு வரவில்லை.
இந்தக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தனும்
அந்தத் தீவுப் பக்கம் இருந்துதான் வந்தான்,
அவன் யாரிடம் லீவு கேட்டான்?

ஆடி அமாவாசை முடியட்டும் என்றார் தயாபரன்.
முடிந்தது, இரண்டு தரம்.
மறுகா பார்ப்பம், மறுகா பார்ப்பம் என்று இருந்ததில்
விமானச்சீட்டுத்தான் இரண்டு மடங்கு ஏறியது.

லொம்பொக்குக்குப் பக்கத்தில் மூன்று பொட்டு.
மூன்றுக்கும் முன்னால் கிலி என்று பேர்.
அந்த ஊர்ப் பேச்சில் கிலி என்றால் சின்னத் தீவாம்.
கிலி ஆயர் என்றும் ஒன்று.
"ஆயர் இஞ்சயெல்லோ, மேற்றிராசன இல்லத்தில இருக்கிறார்,
அவருக்கு அங்க என்ன கிலி?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. பென்சிலைத் தேடினார்.

அப்போதுதான் கண்டேன்,
என் அட்டவணையில் எனக்குத் தெரியாத ஒரு நிரல்.
நான் கோடு போட்டது நாலுக்கு:
தீவு, இரவு, படகு, காசு.
ஐந்தாவதை அவர் கையால் கீறியிருந்தார், அடிமட்டம் இல்லாமல்.
தலைப்பு: உயரம்.
லொம்பொக், மூவாயிரத்து எழுநூறு.
ட்ராவங்கான், எழுபது, பக்கத்தில் கேள்விக்குறி.
தங்குமிடத்தில் இருந்து மேட்டுக்கு நடை: பதினாலு நிமிசம்.
அதை வெட்டி,
ஓட்டம்: ஆறு.

கல்யாணமாகிப் பதினேழு வருசம்.
கல்லடிப் பாலம் கடந்தால் நேரே கல்முனை வரைக்கும் போவார்,
இடப்பக்கம் கிறுகமாட்டார்.
நானும் கேட்டதில்லை.
அவருடைய பழைய வீட்டில்
எத்தனை பேர் ஒன்றாய்ச் சாப்பிட உட்கார்ந்தார்கள் என்று
அவருடைய சித்தப்பா சொல்லித்தான் தெரியும்.
தீவு என்று முதலில் வாய் திறந்ததும் இந்த மனுசன்தான்.

"அப்ப ஏன் தீவு?" என்றேன்.
"நுவரெலியாவில ஒரு மாதம் இருந்திட்டு வரலாமே.
உயரத்துக்குக் குறைவே இல்லை."

நெடுநேரம் பென்சில் சீவினார்.
"நாவலடியில எங்கட வாசல் வாவிப் பக்கம்.
நாங்க அந்தப் பக்கத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தம்."
பிறகு, சீவலை உள்ளங்கையில் கூட்டிக்கொண்டு,
"சின்னத் தீவெண்டா ஒருக்காச் சுத்தி வந்தாக் காணும்,
நாலு பக்கமும் பாத்து முடிஞ்சிடும்."

மேனோவுக்கு மேடே இல்லை. தட்டை.
அதை நான் வெட்டினேன்.
தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்க்கிறேன்,
வெட்டின கோட்டுக்கு மேலே திரும்ப எழுதியிருக்கிறது:
மேனோ, ஒரு இரவு.
உயரம் என்ற இடத்தில்:
தென்னை.

நஸீர்தீன் எடுத்தார். முற்பணம் வியாழனுக்குள்.
"அந்த ஓய்வு நாளை மேனோவில போடச் சொல்லு" என்கிறார் இவர்,
தாளில் இருந்து தலை தூக்காமல்.

அப்படியானால் இரண்டு இரவு.
அவர் அழிறப்பரைத் தேட முன்னம்
பேனையால் எழுதிவிட்டேன்.